தூர்வாரியவர்: கர்ல் என்னும் கருவியின் வரலாறு

குளம் வெட்டியவரின் பெயர் ஊரில் நிலைத்துவிடும். அதை ஆண்டுதோறும் தூர்வாரியவர்களின் பெயர்கள் நிலைப்பதில்லை. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுகிறவர்களும் பெரும்பாலும் இந்த வழக்கத்தையே பின்பற்றுகிறார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார், நீராவி எந்திரத்தை மேம்படுத்தியவர் யார் என்பனவற்றுக்குப் பள்ளிப் பாடநூல்களிலேயே விடை உண்டு. அப்படி உருவான ஒன்றை அடுத்த முப்பது ஆண்டுகள் பழுதுபடாமல் காத்தவர் யார் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்பதுதான் அதற்குக் காரணம்.

கர்ல் என்னும் மென்பொருள் கருவியின் வரலாறு அத்தகைய ஒருவரின் வரலாறு. இது கணினித் துறையினரின் சமாசாரம், இலக்கிய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால் உழைப்பு, பெயர், நன்றி, பொறுப்பு ஆகியவை குறித்துப் பழைய கதைகள் எழுப்பும் அதே கேள்விகளை இந்தக் கருவியின் கதையும் எழுப்புகிறது. ஆகவே நிரல் எழுதத் தெரியாதவரும் இதைத் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதலில் கருவி செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். கணினியின் கட்டளைத் திரையில் கர்ல் என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஏதேனும் ஓர் இணைய முகவரியைத் தந்தால், அந்த முகவரியில் இருப்பது அப்படியே திரையில் வந்து கொட்டும். நிறம், படம், பக்க அமைப்பு எதுவும் இராது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் உலாவி சமைத்துப் பரிமாறுகிறது என்றால், கர்ல் அரிசியை மூட்டையோடு வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறது. சமைப்பது நம் பாடு. கொண்டுவருவது போலவே கொண்டுசெல்லவும் அதற்குத் தெரியும். நம்மிடம் உள்ள கோப்பை ஒரு வழங்கிக்கு அனுப்பச் சொன்னாலும் அனுப்பும். அதன் வேலை இவ்வளவுதான்.

*

இவ்வளவுதானா என்று கேட்பதற்கு முன், இந்த எளிய வேலைக்குப் பின்னால் இருந்த கால் நூற்றாண்டு உழைப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கணினியில் இருக்கும் கோப்பை இன்னொரு கணினிக்குக் கொண்டுவர இருதரப்பும் ஒரே மொழியில் பேசியாக வேண்டும். அதற்கான விதிகளை 1971 ஏப்ரலில் ஆவணமாக எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர்; அப்போது அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்தார். அந்த ஆவணத்திலிருந்து வளர்ந்ததுதான் எஃப்டிபி எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை.

அதன் பிறகு வேறு நெறிமுறைகளும் வந்தன. 1991இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கோஃபர் பிறந்தது. பட்டியல் பட்டியலாகத் தகவல்களைத் தேடிச் செல்லும் ஏற்பாடு அது. அதே காலத்தில் ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வைய விரிவு வலையை உருவாக்கினார். தொடக்கத்தில் கோஃபரின் கையே ஓங்கியிருந்தது. 1993இன் தொடக்கத்தில், வணிக நோக்கில் கோஃபர் வழங்கியைப் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், வலைக்கான தன் மென்பொருளின் மீது எந்த உரிமையும் கோரப்போவதில்லை என்று செர்ன் அறிவித்தது. கோஃபரின் சரிவுக்கு இது ஒன்றே காரணமன்று என்றாலும், கட்டணம் கேட்ட வாசலைவிட்டுத் திறந்த வாசலுக்கு மக்கள் நகர்ந்தார்கள் என்பதில் ஐயமில்லை. நம் கதையின் பிற்பகுதிக்கும் இந்த நிகழ்ச்சி பொருந்தும்.

இப்படிப் பல நெறிமுறைகள் பெருகியபோது, எந்த இடத்தில், எந்த நெறிமுறையில், எந்தப் பொருள் இருக்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லும் முறை தேவைப்பட்டது. 1994 டிசம்பரில் அதற்கான வரையறை வெளியானது. அதில் கையெழுத்திட்ட மூவரில் ஒருவர் பெர்னர்ஸ்-லீ. இன்னொருவர் லாரி மேசின்டர். மூன்றாமவர் கோஃபர் குழுவின் தலைவரான மார்க் மெக்கேஹில். போட்டியிட்ட இரு தரப்பினரும் சேர்ந்து எழுதியதுதான் இன்று நாம் யூஆர்எல் என்று சொல்லும் முகவரி முறை. 2000களின் தமிழ் வலைப்பதிவர்கள் இதை விளையாட்டும் வினையுமாக 'உரல்' என்று எழுதினார்கள். பிறகு அது 'உரலி' என்றும் ஆயிற்று. ஒலியை ஒட்டிப் பிறந்த சொல்தான் என்றாலும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சோறு வருவது உரல் வழியாகத்தான்; ஆனால் உரலை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

கர்ல் பிறந்த மரபில் இன்னோர் இழையும் உண்டு. அது யுனிக்ஸ் இயக்குதளத்தின் மரபு. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டக் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக் குழாயோடு இன்னொரு குழாயைத் திருகி இணைப்பதுபோல நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். 1973இல் கென் தாம்சன் அதை யுனிக்ஸில் நடைமுறைப்படுத்தினார். ஒரு நிரல் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அதன் விளைவை அடுத்த நிரல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பண்பாடு அங்கிருந்து பரவியது. முகவரியில் இருப்பதைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கர்ல் இந்தப் பண்பாட்டின் பிள்ளை.

*

1996ஆம் ஆண்டின் இறுதி. ஸ்வீடனைச் சேர்ந்த இருபத்தாறு வயது நிரலாளர் டேனியல் ஸ்டென்பெர்க், ஐஆர்சி என்னும் அரட்டை வலையமைப்பில் அமிகா கணினி ஆர்வலர்களின் அறையொன்றுக்காகத் தானியங்கி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். கமடோர் 64 கணினியில் நிரல் எழுதிப் பழகிய தலைமுறை அவருடையது. ஒரு நாட்டுப் பணத்துக்கு இன்னொரு நாட்டுப் பணத்தில் என்ன மதிப்பு என்று அறையில் யாரேனும் கேட்டால் அந்தத் தானியங்கி உடனே சொல்ல வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நாணய மாற்று விகிதங்கள் நாள்தோறும் மாறுபவை. அவற்றை ஒரு வலைப்பக்கத்திலிருந்து தானாகவே எடுத்துவர ஒரு கருவி வேண்டியிருந்தது.

தேடியபோது பிரேசில் நாட்டவரான ரஃபேல் சகுலா எழுதியிருந்த எச்டிடிபிகெட் என்னும் சிறு நிரல் கிடைத்தது. அதன் முதல் பதிப்பு 1996 நவம்பர் 11ஆம் நாள் வெளியாகியிருந்தது. சில நூறு வரிகளில் அடங்கிய நிரல். ஸ்டென்பெர்க் சில திருத்தங்களைச் செய்து அனுப்பினார். விரைவிலேயே நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஒரு நாட்டவர் எழுதியதை முகம் பார்த்திராத இன்னொரு நாட்டவர் எடுத்து நடத்தும் இந்தக் கைமாற்றம் சில மின்னஞ்சல்களில் முடிந்துவிட்டது. கண்டுபிடிப்பின் கதை இங்கே முடிகிறது. பராமரிப்பின் கதைதான் மீதமெல்லாம்.

நாணய விகிதங்கள் கோஃபர் தளமொன்றிலும் கிடைப்பதைக் கண்ட ஸ்டென்பெர்க் அந்த நெறிமுறையையும் சேர்த்தார். பிறகு எஃப்டிபி வந்தது. இனி எச்டிடிபி என்ற ஒரு நெறிமுறையின் பெயரில் அதை வழங்குவது பொருந்தாது என்பதால் 1997இல் யூஆர்எல்கெட் என்று பெயர் மாறியது. கோப்பைப் பதிவேற்றும் வசதி சேர்ந்ததும் 'கெட்', அதாவது 'பெறு' என்ற சொல்லும் பொருந்தாமல் போயிற்று. 1998 மார்ச் 20ஆம் நாள் கர்ல் என்ற பெயரில் நான்காம் பதிப்பு வெளியானது. யூஆர்எல்லுக்கான வாடிக்கை நிரல் என்றும், 'யூஆர்எல்லைப் பார்' என்ற ஆங்கிலத் தொடரின் ஒலி என்றும் அந்தப் பெயருக்கு இரு பொருள் சொன்னார்கள். அந்த நாளையே கருவியின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இதே வேலையைச் செய்ய வேறு கருவிகள் அன்று இல்லாமலில்லை. குரோவேஷியாவின் ஹ்ர்வோயே நிக்ஷிச் 1996 ஜனவரியிலேயே, பின்னர் டபிள்யூகெட் என்று அறியப்பட்ட கருவியை வெளியிட்டிருந்தார். ஒரு தளத்தின் இணைப்புகளைப் பின்தொடர்ந்து முழுத் தளத்தையும் இறக்கித் தரும் ஆற்றல் அதற்கு உண்டு. கர்லுக்கு அது இன்றும் இல்லை. எனவே முதலில் வந்ததனாலோ அதிகம் செய்ததனாலோ கர்ல் பரவவில்லை. வேறு இரண்டு முடிவுகள் அதன் விதியைத் தீர்மானித்தன.

முதல் முடிவு, கருவியின் உள்ளுறுப்பைத் தனியே பிரித்து, பிற நிரல்கள் தமக்குள் பொருத்திக்கொள்ளத்தக்க நூலகமாக ஆக்கியது. லிப்கர்ல் எனப்படும் அந்த நூலகம் 2000 ஆகஸ்டில் வெளியானது. ஏறத்தாழ அதே நேரத்தில் பிஎச்பி மொழி அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்தக் காலத்தின் வலைத்தளங்களில் பெரும்பகுதி பிஎச்பியில் எழுதப்பட்டவை. கட்டளைத் திரையைக் கண்ணால் கண்டிராதவர்களும் இவ்வாறு கர்லின் பயனாளிகள் ஆனார்கள்.

இரண்டாம் முடிவு உரிமம் பற்றியது. தொடக்கத்தில் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது; பிறகு மொசில்லாவின் எம்பிஎல் உரிமத்துக்கு மாறியது; இறுதியில் எம்ஐடி வகையைச் சேர்ந்த மிகத் தளர்வான உரிமத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த உரிமத்தின்படி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை, பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும். கோஃபருக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். வாசல் முழுவதும் திறந்திருந்தது. 2001இல் ஆப்பிள் தன் இயக்குதளத்தோடு கர்லைச் சேர்த்து வழங்கியது. 2018இல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் 10உடன் சேர்த்தது. செல்பேசி, தொலைக்காட்சி, விளையாட்டுப் பொறி, மகிழுந்து என்று இணையத்தோடு பேசும் பொருள்களில் எல்லாம் அது நுழைந்தது. உலகில் 2000 கோடிக்கும் மேற்பட்ட நிறுவல்கள் இருக்கக்கூடும் என்பது ஸ்டென்பெர்க்கின் மதிப்பீடு. மனிதத் தொகையைவிட அது அதிகம்.

*

பராமரிப்பு என்ற சொல் ஏதோ துடைத்து வைப்பது போன்ற எண்ணத்தை நமக்குத் தருகிறது. உண்மையில் அது என்ன என்பதற்குக் கர்லிலிருந்து சில எடுத்துக்காட்டுகள் சொல்லலாம்.

இணையத்தின் நெறிமுறைகள் நின்ற இடத்தில் நிற்பவை அல்ல. கர்ல் பிறந்தபோது எச்டிடிபியின் முதல் பதிப்புகளே வழக்கில் இருந்தன. இன்று மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. இடையில் மறையாக்க முறைகள் பலமுறை மாறின. பாதுகாப்பானவை என்று நம்பப்பட்டவை உடைந்து, புதியவை வந்தன. முகவரி எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கே இன்று இரு வேறு வரையறைகள் உண்டு. 2005இல் வெளியான இணையத் தர ஆவணம் ஒன்று சொல்கிறது, உலாவி உருவாக்குவோர் கூடி எழுதிய ஆவணம் வேறொன்று சொல்கிறது. விதிகளை மீறும் வழங்கிகளோ எண்ணற்றவை. இவை அனைத்தோடும் ஒரு கருவி பேசியாக வேண்டும்.

மறுபக்கத்தில், பயன்படுத்துகிறவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியக்கூடாது. லிப்கர்லின் இடைமுகம் 2006க்குப் பிறகு பழைய நிரல்களை முறிக்கும் வகையில் மாற்றப்படவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் யாரோ எழுதி மறந்துவிட்ட நிரலில் புதிய நூலகத்தை வைத்தாலும் அது இயங்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விரதம். கருவி சில நூறு வரிகளிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளாக வளர்ந்தது. 250க்கும் மேற்பட்ட விருப்பத் தேர்வுகள் அதற்கு வந்தன. எட்டு வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு என்பது வழக்கமாயிற்று. பங்களித்தோரை நினைவுகூரும் பட்டியலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. பிழையொன்றைச் சுட்டிக்காட்டியவரின் பெயரும் அதில் உண்டு. பெயர் சொல்லாதவர்களின் உழைப்பால் நடக்கும் உலகில், பெயர்களை விடாமல் எழுதிவைக்கும் அந்தப் பட்டியல் ஓர் அறச்செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தனையையும் முதல் இருபது ஆண்டுகள் ஸ்டென்பெர்க் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் செய்தார். பகலில் வேறு வேலை. இரவில், குடும்பம் உறங்கிய பின் கர்ல். 2019இல் உல்ஃப்எஸ்எஸ்எல் என்னும் நிறுவனத்தில் சேர்ந்தபோதுதான் கர்லே அவருடைய முழுநேர வேலை ஆயிற்று.

*

பெயரை விட்டுவைக்க வேண்டும் என்ற உரிம நிபந்தனை எதிர்பாராத ஒரு விளைவைத் தந்தது. ஸ்டென்பெர்க்கின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கோடிக்கணக்கான கருவிகளின் ஏதோ ஒரு மூலையில், யாரும் படிக்காத உரிமக் குறிப்புகளின் நடுவே இடம்பெற்றன. மகிழுந்தின் வழிகாட்டித் திரை பழுதானவர், அந்தத் திரையில் துழாவித் துழாவிக் கடைசியில் காணும் ஒரே மனிதப் பெயர் அவருடையது. உடனே அவருக்கு எழுதுகிறார். கணக்கு களவுபோனவர், செல்பேசியில் ஏதோ ஊடுருவிவிட்டதாக அஞ்சுபவர் எல்லாரும் எழுதுகிறார்கள். அவர்களுக்கு அவர் உற்பத்தியாளர், அல்லது திருடர். அத்தகைய கடிதங்கள் பலவற்றைத் தம் வலைப்பதிவில் அவர் வெளியிட்டிருக்கிறார். 2021 பிப்ரவரியில் வந்த ஒன்று, கொன்றுவிடுவேன் என்ற மிரட்டலாகவே இருந்தது. பெயரை எங்கும் காண முடிவதும் அறியப்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

நிறுவனங்களின் கடிதங்கள் வேறு வகை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் ஜாவா நூலகத்தில் பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு உலகமே பதறிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ஒரு பெருநிறுவனத்திலிருந்து ஸ்டென்பெர்க்குக்கு மின்னஞ்சல் வந்தது. அவருடைய மென்பொருளில் அந்த ஓட்டை உண்டா, என்ன நடவடிக்கை எடுத்தார் என்ற கேள்விகளுக்கு 24 மணி நேரத்தில் விடை தர வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். கர்ல் சி மொழியில் எழுதப்பட்டது. அந்த ஜாவா நூலகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அந்த நிறுவனத்தோடு ஸ்டென்பெர்க்குக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. ஒரு காசும் அவர்கள் தந்ததில்லை. ஆதரவு ஒப்பந்தம் செய்துகொண்டால் மகிழ்ச்சியோடு விடையளிப்பதாக அவர் பதில் எழுதினார். 2025இல் ஆற்றிய உரையொன்றில் அவர் ஒரு கணக்கைக் காட்டினார். கர்லைப் பயன்படுத்தும் மகிழுந்து வகைகளாகத் தாம் அறிந்தவை 47; அதற்குப் பணம் தருபவை பூஜ்யம்.

திறந்த வாசல் என்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதானே, பிறகென்ன முறையீடு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எடுத்துக்கொள்வதற்கு அவர் கட்டணம் கேட்கவில்லை; உரிமத்தை மாற்றவும் இல்லை. விலையின்றி எடுத்துக்கொண்ட பொருளுக்கு, விலைகொடுத்து வாங்கியவரின் அதிகாரத்தோடு கணக்குக் கேட்பதைத்தான் அவர் மறுத்தார். கொடைக்கும் கடமைக்கும் இடையே உள்ள இந்தக் கோடு அழிந்துபோவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

*

சிறப்புகள் வராமலில்லை. 2017 அக்டோபரில் ஸ்வீடனின் பழமையான பொறியியல் விருதான போல்ஹெம் பரிசு அவருக்குக் கிடைத்தது. மன்னர் கையால் தங்கப் பதக்கம் பெற்றார். ஆனால் அதே ஆண்டு ஜூனில், தாம் அப்போது பணியாற்றிய மொசில்லாவின் கூட்டத்துக்காக அமெரிக்கா செல்லவிருந்தவரை விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க அனுமதி இல்லை என்று சொல்லப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை. மறு ஆண்டு விசாவுக்கு விண்ணப்பித்தார்; அது கைக்கு வர 2020 ஆயிற்று. அவர் எழுதிய நிரல் அந்த நாட்டின் கருவிகளில் எல்லாம் தடையின்றி உலவிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 2021 ஏப்ரல் 19ஆம் நாள் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் செவ்வாயில் பறந்தபோது, அந்தப் பணிக்குப் பயன்பட்ட திறந்த மூல நிரல்களின் ஆசிரியர்களை கிட்ஹப் தளம் அடையாளமிட்டுச் சிறப்பித்தது. ஏறத்தாழ 12,000 பேர் கொண்ட அந்தப் பட்டியலில் கர்ல் பங்களிப்பாளர்களும் இருந்தார்கள்.

பராமரிப்பவரின் உண்மையான தேர்வு விருது மேடையில் நடப்பதில்லை. பிழை நேரும்போதுதான் நடக்கிறது. 2023 அக்டோபர் 11ஆம் நாள் வெளியான 8.4.0 பதிப்பு, நீண்ட காலத்தில் கர்லில் காணப்பட்ட மிக மோசமான பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. சாக்ஸ்5 என்னும் இடைவழங்கி முறையில் இணையும்போது, அளவுக்கு மிஞ்சி நீண்ட பெயர் வந்தால் அது ஒதுக்கப்பட்ட நினைவிடத்தைத் தாண்டி வழிந்துவிடும். அந்த வரிகளை 2020இல் எழுதியவர் ஸ்டென்பெர்க்தான். திருத்தம் வெளியான அன்றே அவர் எழுதிய பதிவில், பிழை எப்படி நுழைந்தது, எந்த வரியில், எத்தனை நாள் யாருடைய கண்ணிலும் படாமல் இருந்தது என்று எல்லாவற்றையும் விளக்கினார், 1315 நாட்கள். நினைவகப் பாதுகாப்புள்ள வேறு மொழியில் எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்பதையும் மறைக்கவில்லை. பிழைகளை அறிக்கைகளின் மூடுபனியில் கரைத்துவிடும் நிறுவனங்களை நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அவற்றுக்கு நடுவே இந்தப் பதிவு தனித்து நிற்கிறது.

*

ஒருவேளை அவர் களைத்துப் போயிருந்தால்? இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. 2024 மார்ச் 29ஆம் நாள் எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட கள்ளவழி ஒன்றை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளிப்படுத்தினார். கர்லைப் போலவே அதுவும் எங்கும் பரவியிருந்த, யாரும் கவனிக்காத கருவி. அதைப் பல்லாண்டுகள் தனியொருவராகக் காத்துவந்த பின்லாந்து நாட்டவர் சோர்ந்திருந்தார். வேலை மெதுவாக நடக்கிறது என்று முன்பின் அறியாதவர்கள் பொது மடலாடலில் அவரை இடித்துரைத்தார்கள். உதவ முன்வந்த ஜியா டான் என்ற பெயர்கொண்ட ஒருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். இரண்டாண்டுகளுக்கு மேல் நல்ல பங்களிப்புகளால் நம்பிக்கையைச் சம்பாதித்த அந்தப் பெயர்தான் பின்னர் கள்ளவழியையும் வைத்தது. பூட்டை உடைக்கவில்லை, காவல் இருந்தவரின் களைப்பை உடைத்து உள்ளே வந்தார்கள். 1996இல் சகுலாவிடமிருந்து ஸ்டென்பெர்க்குக்கு நடந்ததும் இதே போன்றதொரு கைமாற்றம்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். முகம் பார்த்திராதவரை நம்பியதால் உலகம் ஒரு கருவியைப் பெற்றது. அதே நம்பிக்கையால் இன்னொரு கருவியை இழக்கவிருந்தது.

களைப்பூட்டும் வழிகளும் காலத்துக்கேற்ப மாறுகின்றன. பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டு சொல்பவர்களுக்குப் பணம் தரும் திட்டத்தைக் கர்ல் 2019இல் தொடங்கியது. சில ஆண்டுகள் அது நன்றாகவே நடந்தது. செயற்கை நுண்ணறிவு எழுதும் கருவிகள் பரவிய பிறகு, இல்லாத ஓட்டைகளை வெகு நேர்த்தியான ஆங்கிலத்தில் விவரிக்கும் அறிக்கைகள் வந்து குவியத் தொடங்கின. 2024 ஜனவரியிலேயே ஸ்டென்பெர்க் இதைப் பற்றி எழுதினார். மோசமான மொழியில் வரும் போலி அறிக்கையை ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவிடலாம். நேர்த்தியாக எழுதப்பட்ட பொய்யை மறுக்க மணிக்கணக்கில் நிரலைப் படித்தாக வேண்டும் என்பது அவருடைய முறையீட்டின் சாரம். இறுதியில் 2026 ஜனவரியோடு அந்தப் பரிசுத் திட்டமே நிறுத்தப்பட்டது. இதில் எந்திரத்தின் மீதான வெறுப்பு ஏதுமில்லை. 2025இல் ஓர் ஆய்வாளர் அத்தகைய கருவிகளைத் தேர்ந்த அறிவோடு பயன்படுத்திக் கண்டறிந்து அனுப்பிய பட்டியலால் ஏறக்குறைய 50 திருத்தங்கள் நடந்தன. அதை ஸ்டென்பெர்க் மனமுவந்து பாராட்டினார். எந்திரத்துக்கும் நிரலுக்கும் நடுவே பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் இருந்தாரா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

நல்ல பராமரிப்பின் இயல்பே அது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான். தண்ணீர் வரும்வரை வாய்க்காலை யாரும் நினைப்பதில்லை. வராத அன்று, கரையில் நிற்பவனைத்தான் முதலில் ஏசுவார்கள். கர்லின் வரலாறு இந்த முரணை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. அதோடு இன்னொன்றையும் காட்டுகிறது. நாணய மதிப்பை அரட்டை அறைக்குச் சொல்ல வேண்டும் என்ற சின்னஞ்சிறு தேவையில் தொடங்கிய ஒன்றை, ஒருவர் கைவிடாமல் முப்பது ஆண்டுகள் செய்துகொண்டே இருந்தால் அது உலகின் அடித்தளக் கற்களில் ஒன்றாகிவிடுகிறது. மேதைமை அதில் எவ்வளவு என்பது தெரியாது. விடாப்பிடி எவ்வளவு என்பது தெரிகிறது.

இந்தக் கட்டுரை உங்கள் திரையை வந்தடைந்த வழியில் எங்கோ கர்ல் ஒரு வேலை செய்திருக்க நல்ல வாய்ப்புண்டு. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. ஆனால் அடுத்த முறை ஏதேனும் ஒரு கருவியின் உரிமக் குறிப்புகளில் முன்பின் கேட்டிராத ஒரு பெயரைக் கண்டால், அவர் உற்பத்தியாளரும் அல்லர், திருடரும் அல்லர், தூர்வாரியவர் என்பதை நினைவில் கொள்ளலாம். அவருக்கு எழுதத்தான் வேண்டுமென்றால், நன்றி என்ற ஒரு வரியே போதும்.